மாவு பொங்கும் ஊர்

சிக்காகோவின் லிரிக் ஓபரா அரங்கில் 2025 ஜூன் 16 அன்று ஜேம்ஸ் பியர்ட் விருதுகள் வழங்கப்பட்டன. அமெரிக்கச் சமையல் உலகம் தன் ஆட்களுக்குக் கொடுக்கிற மிகப் பெரிய மரியாதை அது. நாட்டைப் பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு சிறந்த சமையல் கலைஞரைத் தேர்ந்தெடுப்பார்கள். நியூயார்க் மாநிலமே ஒரு தனி வட்டாரம். அந்த ஆண்டு அங்கே விருது வாங்கியவர் விஜய் குமார். திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தை அடுத்த அரசம்பட்டிக்காரர். மன்ஹாட்டனின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் 2021 அக்டோபரில் திறந்த ‘செம்ம’ உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். மறு ஆண்டே அந்தக் கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நகரத்தின் நூறு சிறந்த உணவகங்கள் பட்டியலில் முதலிடமும் அதற்குத்தான்.

அங்கே பரிமாறப்படுவது வெள்ளைக்காரர் நாக்குக்காகக் காரம் குறைத்த குழம்பு அல்ல. வயலில் பொறுக்கிய நத்தையைச் சமைத்துத் தின்ற பிள்ளைப் பருவத்திலிருந்து வந்த நத்தைப் பிரட்டல் அங்கே உண்டு. திண்டுக்கல் பிரியாணி உண்டு. எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது பொடி தோசை. வட்டாரச் சமையலை ஒளித்து வைக்காமல் அப்படியே இலையில் போட்டதற்காக ஒரு வட்டார விருது கிடைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சொல்லி முடியாத மகிழ்ச்சி.

கோவையில் இருந்துகொண்டு அந்தத் தோசையைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஒரு தோசை எப்படித் தோசையாகிறது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினால், தோசைக்கல்லில் ஆரம்பித்து உளுந்து, நுண்ணுயிர், கருங்கல், மோட்டார், மலையருவி என்று போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பாதையில் பாதி கொங்கு நாட்டுக்குள் வந்து விழுகிறது.

முதலில் கல். காந்திபுரத்திலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு சின்ன ஹோட்டலில் தோசை மாஸ்டர் அருகே சிறிது நேரம் நின்று பாருங்கள். மாவை ஊற்றுவதற்கு முன் ஒரு கை தண்ணீரைக் கல்லில் வீசுவார்; துடைப்பத்தால் ஓர் இழுப்பு இழுப்பார்; அதற்கப்புறம்தான் கரண்டி. அந்தத் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சூட்டைச் சொல்கிறது. கல் போதுமான அளவு காயவில்லை என்றால் தண்ணீர் தேங்கி மெதுவாகக் கொதிக்கும். சரியான சூட்டில் ‘சொய்ங்’ என்று ஒரே மூச்சில் ஆவியாகிவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் துளிகள் ஆவியாக மறுத்து, முத்து முத்தாகக் கல் மேல் ஓடும். துளியின் அடிப்பக்கம் தொட்டவுடன் நீராவியாகி ஒரு மெத்தையாக நின்று, மேலே உள்ள தண்ணீரைக் கல்லில் படவிடாமல் தூக்கிப் பிடிப்பதால் வரும் ஓட்டம் அது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரே அந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது. நம் மாஸ்டர்கள் காதாலேயே அதை அளந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வேலை, சூட்டை இறக்குவது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,260 ஜூல் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதே ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க வேண்டியது 4.2 ஜூல்தான். அதனால் ஒரு கை தண்ணீரே கல்லின் மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைத்துவிடுகிறது. மாவில் உள்ள மாவுச்சத்து சுமார் 70 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும். கல் அதிகச் சூடாக இருந்தால் ஊற்றிய இடத்திலேயே மாவு பிடித்துக்கொள்ளும், கரண்டியோடு சுருண்டு வரும். மேற்பரப்பு சற்றுக் குளிர்ந்திருக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிக்குள் மாஸ்டர் வட்டத்தை இழுத்து முடித்துவிடுகிறார். பிறகு கனத்த இரும்புக் கல்லின் உள்சூடு மேலே ஏறி வருகிறது. ஈரம் வற்றி, அடிப்பக்கம் 140 டிகிரியைத் தாண்டும்போது பொன்நிறம் பிறக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருட்களை உண்டாக்கும் இந்த வினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விளக்கினார். வெறும் அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் இந்த மணம் இவ்வளவு வராது. ஊறும்போதும் புளிக்கும்போதும் மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாகவும் புரதத்தில் ஒரு பங்கு அமினோ அமிலமாகவும் உடைந்து தயாராக இருந்தால்தான் கல்லில் அந்த நிறமும் மணமும் கூடும்.

ஆக, தோசையின் ருசியில் பெரும்பங்கு முந்தின நாள் ராத்திரியே முடிவாகிவிடுகிறது.

ராத்திரி என்ன நடக்கிறது என்பதை ஆராய்ந்து எழுதிய முக்கியமான ஆய்வுக்கட்டுரை 1965இல் வந்தது. எங்கிருந்து என்பதுதான் ஆச்சரியம்: நியூயார்க் மாநிலத்திலிருந்து. விஜய் குமார் விருது வாங்கிய அதே வட்டாரம். மன்ஹாட்டனிலிருந்து சாலை வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் வடமேற்கே ஜெனீவா என்ற சிற்றூரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே முட்டைக்கோஸை உப்பில் புளிக்கவைக்கும் ‘சார்க்ராட்’ பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்த கார்ல் பெடர்சன் இருந்தார். உலக மக்களின் புளித்த உணவுகளைப் பற்றிப் பின்னாளில் பெருநூல் ஒன்றைத் தொகுத்த கீத் ஸ்டைன்கிராஸ் இருந்தார். அவர்களோடு எஸ். கே. முகர்ஜி, ஆல்பரி, வான் வீன் ஆகியோரும் சேர்ந்து இட்லி மாவைக் கையில் எடுத்தார்கள்.

மாவைப் பொங்கவைப்பது யார் என்பதுதான் கேள்வி. ரொட்டிக்கு ஈஸ்ட் போடுகிறோம், தயிருக்கு உறை ஊற்றுகிறோம், இட்லி மாவுக்கு எதுவுமே போடுவதில்லை. ஆனாலும் விடிந்தால் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அவர்கள் கண்ட விடை, லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. பெடர்சனுக்கு அது பழகிய உயிர். சார்க்ராட்டில் வேலையைத் தொடங்கிவைப்பதும் அதுவேதான். கொரியாவின் கிம்ச்சியிலும் அது உண்டு. ஜெர்மானியரின் முட்டைக்கோஸும் கொரியர்களின் முட்டைக்கோஸும் நம் உளுந்தும் ஒரே சிற்றுயிரின் உழைப்பில் புளிக்கின்றன என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

சாதாரணத் தயிர் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை மட்டும் விடும். புளிப்பு வரும், பொங்காது. லூக்கோனாஸ்டாக் அதே சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹால், கரியமில வாயு மூன்றையும் தருகிறது. அமிலம் புளிப்பாகிறது, வாயு பொங்கலாகிறது. உளுந்தும் அரிசியும் தண்ணீரில் ஊறும்போதே அது பெருகத் தொடங்குகிறது. ஆட்டி வைத்த பின் 11 முதல் 13 மணி நேரத்தில் ஒரு கிராம் மாவில் நூறு கோடிக்கு மேல் எண்ணிக்கை எட்டிவிடுகிறது. கூடவே வேறொரு வகை பாக்டீரியாவும் அமிலம் சேர்க்கிறது. ஏறக்குறைய ஒரு நாள் கழிந்த பின்னரும் வெளியே வைத்திருந்தால் பெடியோகாக்கஸ் என்ற அடுத்த கூட்டம் தலையெடுக்கும். மூன்றாம் நாள் மாவின் சுள்ளென்ற புளிப்பில் அந்த வாரிசு மாற்றமும் இருக்கிறது.

கையால் கலந்தால்தான் மாவு பொங்கும், ஒவ்வொருவர் கைராசி ஒவ்வொரு விதம் என்று வீடுகளில் சொல்வதுண்டு. வேண்டிய பாக்டீரியா தானியத்தோடே, முக்கியமாக உளுந்தோடே வந்துவிடுகிறது. கையை எதிர்பார்த்து அது நிற்பதில்லை. அடிவரை நன்றாகக் கலந்துவிடுவது கையின் உண்மையான நன்மை. சூடும் ஒரு காரணம். லூக்கோனாஸ்டாக்குக்குப் பிடித்தது 20 முதல் 30 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படும் கோவையில் பெரும்பாலான ராத்திரிகள் அந்த வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. நியூயார்க் குளிர்காலத்தில் நம்மவர்கள் ஓவனுக்குள் மாவை வைத்து, விளக்கை மட்டும் எரியவிட்டு அந்த வெதுவெதுப்பை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

வாயு உண்டானால் மட்டும் போதாது. அதைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். கோதுமையில் குளூட்டன் என்ற புரத வலை அதைச் செய்கிறது. அரிசியில் அது கிடையாது. அந்த இடத்தை உளுந்து எப்படி நிரப்புகிறது என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் என். எஸ். சுசீலம்மாவும் எம். வி. எல். ராவும் 1970களில் பிரித்துக் காட்டினார்கள். உளுந்தில் உள்ள குளோபுலின் வகைப் புரதம் நுரையை உண்டாக்குகிறது. அரபினோகாலக்டான் என்ற வழவழப்பான கூட்டுச் சர்க்கரை அந்த நுரையை உடையாமல் காக்கிறது. ஊறின உளுந்தைத் தொட்டால் விரலில் இழையுமே, அந்த வழவழப்புதான். வேறு பருப்புகளிலும் புரதம் உண்டு. இந்த இரண்டும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்திருப்பது உளுந்தில்.

அந்த நுரையை உருவாக்குகிற வேலை ஆட்டும்போது நடக்கிறது. இங்கேதான் கோவை வருகிறது.

மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்றுவரை சுற்றக்கூடியது. அது தானியத்தை வெட்டுகிறது. உராய்வில் சில நிமிடத்திலேயே ஜார் சூடாகிவிடும். கிரைண்டரின் கல் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுதான். கல்லுக்கும் குழவிக்கும் நடுவே உளுந்து நசுங்கி, இழுபட்டு, மடிந்து, மறுபடி நசுங்குகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. அரைமணி நேரம் இப்படி ஓடினால், கைப்பிடி உளுந்து பாத்திரம் நிறைய வெண்ணெயாகத் திரண்டு நிற்கும். ‘உளுந்து நல்லா உபரி காணுது’ என்று நம் வீடுகளில் சொல்வது அந்தக் காற்றின் கணக்கைத்தான். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். மிதந்தால் காற்று போதுமென்று பொருள். நடுநடுவே குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டுவதும் சூடேறாமல் காக்கத்தான். ஆட்டும்போதே மாவு கொதித்துப்போனால் நுரைத் தன்மை குறையும், பாக்டீரியாவுக்கும் ஆகாது.

பழைய ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைக் கை சுற்றும். ஒரு குடும்பத்துக்கு மாவாட்டவே தோள் கழன்றுவிடும். ஒரு ஹோட்டலுக்கு ஆட்டியவர்களின் பாட்டை நினைத்துப் பார்க்கவும் கஷ்டமாக இருக்கிறது. கோவையில் 1955இல் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தார். இந்தக் கிரைண்டரில் வேலை தலைகீழானது: குழவியை நிறுத்திவைத்து, கல்லைச் சுற்றவிட்டார்கள். சுற்றும் கல்லே மாவைக் குழவிக்கு அடியில் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் ஒதுங்கும் மாவை ஒரு பலகை வழித்து உள்ளே தள்ளும். கை செய்த இரண்டு வேலைகளும், சுற்றுவதும் தள்ளிவிடுவதும், எந்திரத்துக்குள் வந்துவிட்டன. பிறகு மாவைச் சாய்த்து ஊற்ற வசதியான டில்டிங் கிரைண்டர், அதன்பின் மேசை மேல் வைக்கும் டேபிள் டாப் என்று அது வளர்ந்தது.

இது ஏன் மதராஸில் நடக்காமல் கோவையில் நடந்தது? நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியதும் மலிவான மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியது. 1888இலேயே பஞ்சாலை கண்ட ஊர் இது. மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. ஆலை எந்திரத்தைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன, பட்டறைகளோடு வார்ப்படச் சாலைகள் வந்தன. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கேதான் செய்தார்கள். கிணற்றுப் பம்புக்காக ஊர் முழுக்க மோட்டார் கட்டத் தெரிந்த கைகள் பெருகின. கருங்கல்லைக் கொத்தத் தெரிந்தவர்கள் சுற்று வட்டாரத்தில் தலைமுறைகளாக இருந்தார்கள். மோட்டார் கட்டுகிறவரும் கல் கொத்துகிறவரும் ஒரே ஊரில் ஒரு சைக்கிள் தூரத்தில் இருந்தார்கள். அவர்களுடைய பொருளாக வெட் கிரைண்டர் பிறந்ததை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளின் தரத்துக்கும் பெயருக்கும் அது பிறந்த இடமே காரணம் என்று அரசு பதிவு செய்து கொடுக்கும் உரிமை அது. காஞ்சிபுரம் பட்டுக்கும் டார்ஜிலிங் தேயிலைக்கும் அது கிடைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. மாவரைக்கும் எந்திரத்துக்குக் கிடைத்ததை நம் ஊர்க்காரர்களே போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் குறை. சமையல்காரருக்கு வட்டார விருது கிடைப்பதற்கு இருபது ஆண்டு முன்பே ஆட்டுகிற கல்லுக்கு ஒரு வட்டார விருது கிடைத்திருந்தது.

தோசை என்றால் சாம்பாரும் கூட வர வேண்டும். 1960களில் தாமோதரசாமி நாயுடு தொடங்கிய அன்னபூர்ணாவின் சாம்பார் கோவைக்காரர்களுக்கு ஊர் அடையாளம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கேட்டால் இங்கே சொல்லும் ஒரே விளக்கம், ‘அது சிறுவாணித் தண்ணிங்க.’ ஊர்ப்பெருமை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டுக்குள் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை நேராக அங்கே சேர்வதால் தண்ணீரில் கரைந்த உப்புகள் குறைவு. கொங்குச் சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகளில் வருவதோ பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கிக் கால்சியமும் மக்னீசியமும் ஏறிய கடினநீர். ஊரில் ஒன்றை நல்லதண்ணி என்றும் மற்றதை உப்புத்தண்ணி என்றும் பிரித்து, சமையலுக்கு ஒன்று, புழங்க மற்றொன்று என்று வைத்திருக்கிறார்கள். பருப்புக்குள் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரிகிறது.

துவரம்பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின். செங்கலுக்கு நடுவே உள்ள சாந்து மாதிரி. வேகும்போது பெக்டின் கரைந்தால் செல்கள் பிரிந்து பருப்பு மலர்கிறது. தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது இரண்டு பெக்டின் இழைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு வேகும், ஆனால் குழையாது. சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பது இதனால்தான். நல்லதண்ணியில் வெந்த பருப்பு முழுதாகக் கரைந்து புளியையும் பொடியையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. புளியைக் கடைசியில் விடுவதற்கும் இதே வேதியியல்தான் காரணம். அமிலத்தில் பெக்டின் லேசில் கரையாது. பருப்பு மலர்வதற்கு முன் புளித்தண்ணி விழுந்தால் அதோடு நின்றுவிடும். இந்த ஒழுங்கை எந்தப் பாட்டியும் பெக்டினைப் படித்துவிட்டுக் கடைப்பிடிக்கவில்லை. பருப்பையே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே பானையில் பொங்கும் அரிசிபருப்புச் சாதம் கொங்கு வீடுகளின் அன்றாடச் சமையல். அரிசி குழைவதற்குள் பருப்பு மலர்ந்தாக வேண்டும் என்பதால் அதற்குத் தண்ணீர் இன்னும் முக்கியம். கொள்ளு அதைவிடப் பிடிவாதமானது. தோல் தடிப்பு, வேக நேரம் அதிகம். கடினநீரில் போட்டால் குக்கர் விசில் எண்ணி முடியாது. குக்கர் வந்த பிறகு துவரம்பருப்பில் தண்ணீரின் வேறுபாடு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, கொள்ளில் இன்னும் தெரிகிறது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு சின்னப் பாத்திரங்களில் ஒரே அளவு துவரம்பருப்பு. ஒன்றில் குடிநீர், மற்றதில் போர் தண்ணீர். மூடியில்லாமல் ஒரே தீயில் வேகவைத்து, எது முதலில் விரலில் மசிகிறது என்று பாருங்கள். கொள்ளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. முந்தின ராத்திரி நல்லதண்ணியில் ஒரு கரண்டி தூள் உப்பைக் கரைத்து, அதில் ஊறவையுங்கள். உப்பிலுள்ள சோடியம் பெக்டினில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சோடியத்துக்கு இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்கத் தெரியாது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொள்ளை அலசி, புதுத் தண்ணீரில் வைத்தால் சீக்கிரமே வெந்துவிடும். கடைந்து சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு இறக்கலாம்.